கட்டையும் கமகமும்

வீணைக்கு மெட்டு உண்டு. புல்லாங்குழலுக்குத் துளை உண்டு. கீபோர்ட்டுக்குக் கட்டை உண்டு. மூன்றிலும் சுரங்களின் இருப்பிடம் முன்னரே வரையறுக்கப்பட்டிருக்கின்றது. ஆயினும் முன்னைய இரண்டையும் தெய்வ வாத்தியங்கள் எனப் போற்றிய நம் பெரியோர், கட்டை வாத்தியத்தை மட்டும் நெடுங்காலம் ஐயக் கண்ணோடே நோக்கி வந்தனர். அந்த ஐயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. வீணையின் மெட்டு அசையாதது. ஆனால் அதன்மேற் கிடக்கும் தந்தியை விரலால் இழுத்து வளைக்கலாம். குழலின் துளை நிலையானது. ஆனால் விரலைச் சற்றே நீக்கியும் மூச்சை ஏற்றி இறக்கியும் சுரத்தைக் குழைக்கலாம். கட்டையோ அழுத்தினால் ஒலிக்கும், விரலை எடுத்தால் ஓயும். இவ்விரண்டுக்கும் இடையில் அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை என்பதே அக்காலத்தவர் கொண்ட முடிவு.

இன்று நம்மவர் இல்லங்கள் பலவற்றில் மின்னியற் கீபோர்ட் ஒன்று இடம் பெற்றுவிட்டது. பிள்ளைகள் அதில் திரைப்பாடல்களையும் மேனாட்டுப் பாடங்களையும் வாசிக்கின்றனர். சிலர் சரளி வரிசையும் பயில்கின்றனர். அக்கருவிகள் பலவற்றின் இடப்புற ஓரத்திலே ஒரு சிறு சில்லோ, குட்டையான நெம்புகோலோ அமைந்திருக்கும். வாங்கிய நாளன்று அதனை ஒருமுறை அசைத்துப் பார்த்து, ஒலி கோணலாக எழுவது கண்டு சிரித்துவிட்டு, அதன் பின்னர் தொடாமலே விடுவோரே மிகப் பலர். கட்டைக்கு இல்லை என்று சொல்லப்பட்ட குழைவை அதற்கு அளிக்கும் பொருட்டு, முந்நூறு ஆண்டுகளாக மனிதர் மேற்கொண்ட முயற்சியின் பயனே அச்சிறு சில்லு. அதன் வரலாற்றையும், அதனைப் பயன்படுத்தும் முறையையும் அறிந்துகொள்வது மாணவர்க்கு மட்டுமன்றிப் பெற்றோருக்கும் நன்மை தரும்.

மெல்லெனவும் வல்லெனவும்

ஐரோப்பாவிலே பியானோ தோன்றுமுன் ஹார்ப்சிக்கோர்ட் என்னும் கருவி செல்வாக்குப் பெற்றிருந்தது. அதன் கட்டையை அழுத்தியதும் உள்ளிருக்கும் ஒரு சிறு முள் தந்தியைச் சுண்டும். மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் எழும் ஒலியின் வலிமை ஏறத்தாழ ஒன்றே. இக்குறையைக் களைந்தவர் இத்தாலி நாட்டின் புளோரன்ஸ் நகரிலே மெடிச்சி அரச குடும்பத்தாரிடம் பணியாற்றிய பார்த்தலோமியோ கிறிஸ்தோபோரி. 1700ஆம் ஆண்டளவில் அவர் ஆக்கிய கருவியில் முள்ளுக்குப் பதிலாகச் சுத்தியல் தந்தியைத் தட்டியது. விரலின் வேகத்துக்கேற்ப ஒலி மெல்லெனவும் வல்லெனவும் எழுந்தது. இத்தாலிய மொழியில் ‘பியானோ’ என்றால் மெல்ல, ‘போர்ட்டே’ என்றால் உரக்க. அக்கருவியின் பெயரே அதன் பெருமையை உரைக்கின்றது.

பியானோவுக்கும் முற்பட்ட கிளேவிகோர்ட் என்ற சிறு கருவியில் வேறோர் அற்புதம் இருந்தது. அதன் கட்டையை அழுத்தும்போது ஒரு பித்தளைத் தகடு தந்தியைத் தட்டி, விரல் எடுபடும்வரை தந்தியைத் தொட்டபடியே நிற்கும். ஆதலால் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் தந்தி இறுகித் தளர்ந்து சுரம் அசையும். இவ்வசைவை ஜெர்மானியர் ‘பேபுங்’ என்றழைத்தனர். பெரும் இசை மேதை பாக்கின் புதல்வராகிய கார்ல் பிலிப் இமானுவேல் பாக் இக்கருவியைப் பெரிதும் விரும்பினார். ஆனால் அதன் ஒலி மிக மெலிந்தது. பேரரங்குகளின் காலம் வந்ததும் உரத்த குரலுடைய பியானோ வென்றது. குழைவுடைய கிளேவிகோர்ட் ஒதுங்கியது.

ஆர்மோனியம் பெற்ற தண்டனை

நம் பக்கத்தில் இவ்விவாதம் ஆர்மோனியத்தை முன்னிட்டு எழுந்தது. பஜனைக்கும் நாடகத்துக்கும் உற்ற துணையாக விளங்கிய அக்கருவியை, கமகம் பேசாதது என்ற காரணத்தாலும் அதன் சுரத்தானங்கள் நம் சங்கீதத்துக்கு ஒவ்வாதவை என்ற காரணத்தாலும் அறிஞர் பலர் கண்டித்தனர். 1940ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. அவ்விலக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்து, 1970களின் தொடக்கத்திலேதான் தளர்த்தப்படலாயிற்று.

சுரத்தானம் பற்றிய குறையிலும் உண்மை உண்டு. மேனாட்டு முறையில் ஒரு ஸ்தாயி பன்னிரண்டு சம பங்குகளாகப் பிரிக்கப்படுகின்றது. தம்பூராவின் நாதத்தோடு முற்றாக இயைந்து நிற்கும் அந்தர காந்தாரமோ, கட்டையிலுள்ள காந்தாரத்தை விடச் சற்றுத் தாழ்ந்தது. ஓர் அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் அவ்வேறுபாடு ஏறத்தாழப் பதினான்கு பங்காகும். பழகிய செவி அதனை எளிதில் உணரும்.

ஆயினும் வேற்று நாட்டுக் கருவி என்பதற்காக நம் சங்கீதம் எதனையும் தள்ளியதில்லை. பிடிலை முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் கற்றுத் தந்த நாள்முதலாக அது நம் கச்சேரியின் இன்றியமையாத துணையாகிவிட்டது. பிற்காலத்தில் யூ. ஸ்ரீநிவாஸ் மின்சார மாண்டலினையும், கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனையும் மேடையேற்றி வெற்றி கண்டனர். இவர்கள் ஒவ்வொருவரும் முதலில் கேட்ட கேள்வி, ‘இக்கருவியில் கமகம் வருமா?’ என்பதே. வரும் என்று காட்டிய பின்னரே அவைக்கு அக்கருவி உரியதாயிற்று. கட்டை வாத்தியத்துக்கும் அதே தேர்வுதான்.

இடக்கைக்கு ஒரு பணி

மின்சாரம் இசைக்குள் புகுந்த காலத்தில் இக்கேள்விக்கு விடை காண முனைந்தவர்களுள் பிரெஞ்சு நாட்டவராகிய மொரிஸ் மார்த்தனோ குறிப்பிடத்தக்கவர். அவர் செல்லோ என்னும் வில் வாத்தியம் வாசிப்பவர். முதலாம் உலகப் போரிலே கம்பியில்லாத் தந்திப் பிரிவில் பணியாற்றியவர். 1928ஆம் ஆண்டில் அவர் பாரிஸ் நகரில் அரங்கேற்றிய ‘ஓந்த் மார்த்தனோ’ என்ற கருவியில் வலக்கை சுரத்தைத் தேர்ந்தது; இடக்கை ஒரு சிறு பொத்தானை அழுத்தி ஒலியின் வலிமையை ஆண்டது. பிற்கால அமைப்புகளில் கட்டைப் பலகை முழுவதும் பக்கவாட்டில் அசையக்கூடியதாக இருந்தமையால், விரலை அசைத்தே சுரத்தை நடுங்கச் செய்யலாம். விரலில் மோதிரம் ஒன்றை அணிந்து, அதனோடு கட்டிய நாடாவை இழுத்துச் சுரத்துக்குச் சுரம் வழுக்கிச் செல்லவும் முடிந்தது. வில்லையும் தந்தியையும் அறிந்த ஒருவர் படைத்த கட்டை வாத்தியம் வேறு எவ்வாறு இருக்கும்! மெசியான் என்னும் இசைப்படைப்பாளர் 1949ஆம் ஆண்டில் பொஸ்டன் நகரில் முதன்முறை ஒலித்த தம் ‘துரங்கலீலா’ சிம்பொனியில் இக்கருவிக்குப் பெரும் இடமளித்தார்.

கனடாவில் ஹியூ லெக்கெய்ன் என்ற விஞ்ஞானி 1945ஆம் ஆண்டளவில் தொடங்கி உருவாக்கிய கருவி இன்னும் ஒருபடி முன்னேறியது. கட்டையைப் பக்கவாட்டில் நெருக்கினால் சுருதி அசைந்தது. கீழ்நோக்கி அழுத்தினால் ஒலி ஓங்கியது. இடக்கை குரலின் நிறத்தை மாற்றியது. காலத்தை முந்திய கருவியாதலின் அது கடைக்கு வரவில்லை.

கடைக்கு வந்து உலகெங்கும் பரவியது 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவில் றொபேட் மோக்கின் நிறுவனம் வெளியிட்ட ‘மினிமோக்’. கட்டைகளின் இடப்புறத்தே இரண்டு சில்லுகளை அது பொருத்தியது. ஒன்று சுருதியை வளைக்க. மற்றொன்று ஒலியை நடுங்கச் செய்ய. இன்று நம் வீட்டுக் கருவியிற் காணும் சில்லுகள் அவற்றின் வழித்தோன்றல்களே. 1976ஆம் ஆண்டளவில் யப்பானின் யமஹா நிறுவனம் ஆக்கிய ‘சீஎஸ் 80’ என்ற கருவியோ, அழுத்திய பின்னும் ஒவ்வொரு கட்டையின் அழுத்தத்தையும் தனித்தனியே உணர்ந்தது. அதன் எடை ஏறத்தாழ நூறு கிலோ. 1982ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பிளேட் ரன்னர்’ திரைப்படத்தில் கிரேக்க இசையமைப்பாளர் வாங்கெலிஸ் எழுப்பிய உருக்கமான ஒலிகள் பல அக்கருவியினின்று பிறந்தவை.

இம்முயற்சிகளில் நம் மாணவர் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. வலக்கை சுரத்தை எழுப்ப, இடக்கை அதனைக் குழைப்பது வீணையின் முறை. வலக்கை மீட்டுகின்றது; இடக்கை தந்தியை இழுக்கின்றது. சில்லு பூண்ட கீபோர்ட், பியானோவின் தோற்றத்தில் இருப்பினும், கைகளின் தொழிற் பங்கீட்டில் வீணைக்கே நெருங்கிய உறவு.

உறுப்புகளும் அவற்றின் தொழிலும்

இனி, இன்றைய கருவிகளில் உணர்ச்சியை வெளியிட உதவும் உறுப்புகளைப் பார்ப்போம்.

முதலாவது, தொடு உணர்வு. ஒவ்வொரு கட்டையின் கீழும் இரு மின் தொடுகைகள் உள்ளன. கட்டை இறங்கும்போது முதலாவது தொடுகைக்கும் இரண்டாவதற்கும் இடையே கழியும் நேரத்தைக் கருவி அளக்கின்றது. நேரம் குறைந்தால் வேகம் மிகுதி, ஒலியும் ஓங்கும். 1983ஆம் ஆண்டில் அமெரிக்கரான டேவ் சிமித், யப்பானியரான இக்குத்தாரோ கக்கெஹாஷி முதலியோரின் முயற்சியால் நிலைபெற்ற ‘மிடி’ என்னும் பொதுமொழி, இவ்வேகத்தை 1 முதல் 127 வரையிலான எண்களாற் குறிக்கின்றது. விலை மிகக் குறைந்த கருவிகளில் இத்தொடு உணர்வு இராது. அவற்றிற் பழகும் பிள்ளைக்கு மெல்லத் தொடுதல், ஓங்கித் தொடுதல் என்ற வேறுபாடே விரலுக்குத் தெரியாமற் போகும். வாங்கும்போது ‘டச் ரெஸ்பான்ஸ்’ உண்டா என்று கேட்டறிதல் அவசியம்.

இரண்டாவது, சுருதிச் சில்லு. ‘பிட்ச் பெண்ட்’ என்பர். கையை எடுத்தால் சுருள்வில்லின் விசையால் அது நடுநிலைக்குத் திரும்பிவிடும். றோலண்ட் நிறுவனக் கருவிகள் பலவற்றில் சில்லுக்குப் பதிலாக நெம்புகோல் உண்டு. அதனை இடம்வலமாகத் தள்ளினால் சுருதி வளையும், முன்னே தள்ளினால் ஒலி நடுங்கும். ‘மிடி’ மொழி இவ்வளைவை 16,384 படிகளாகப் பகுக்க இடமளிக்கின்றது. வழக்கமான அமைப்பில் சில்லு முழுதாகத் திரும்பினால் சுருதி இரண்டு அரைச்சுரம் ஏறும் அல்லது இறங்கும். இவ்வெல்லையைக் கருவியின் அமைப்புப் பகுதியில் மாற்றவும் கூடும்.

மூன்றாவது, நடுக்கச் சில்லு. ‘மொடுலேஷன்’ எனப்படுவது. இது விட்ட இடத்திலே நிற்கும். மேனாட்டுப் பிடிலின் அதிர்வு போன்ற ஒலியை இது தரும். கமகத்துக்கு இதனைப் பயன்படுத்துதல் கூடாது. கமகம் என்பது இராகத்துக்கு இராகம், சுரத்துக்குச் சுரம், காலத்துக்குக் காலம் வேறுபடுவது. இச்சில்லு தருவதோ ஒரே வேகத்தில், ஒரே அளவில் நிகழும் இயந்திர நடுக்கம்.

நான்காவது, மிதிகட்டை. ஒலியை நீட்டிக்கும் மிதியைப் பலரும் அறிவர். அதனினும் அரியது, பாதத்தைச் சாய்த்து ஒலியை வளர்த்துத் தேய்க்கும் ‘எக்ஸ்பிரஷன்’ மிதி. பிடில், குழல் முதலிய குரல்களைத் தெரிந்து வாசிப்போருக்கு இதுவே மூச்சு. நீண்ட சுரம் ஒன்று தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே அளவில் நின்றால் அது மின்சார மணியோசையாகிவிடும். மெல்லத் தொடங்கி, நடுவில் நிறைந்து, முடிவில் தேய்ந்தால் அதுவே பாட்டாகும்.

ஐந்தாவது, பின்னழுத்தம். கட்டை அடிவரை சென்ற பின்னரும் விரல் மேலும் அழுத்துவதை உணரும் வசதி இது. விலையுயர்ந்த கருவிகளிலேயே பெரும்பாலும் காணப்படும்.

தோடியின் காந்தாரம்

இவற்றை நம் சங்கீதத்துக்குப் பயன்படுத்தும் வகையை ஓர் உதாரணத்தாற் காட்டலாம். ஒரு கட்டைச் சுருதியை, அஃதாவது மேனாட்டாரின் ‘ஸி’ கட்டையை, ஷட்ஜமாகக் கொள்வோம். அதனை அடுத்த கருங்கட்டை சுத்த ரிஷபம். அதற்கும் அடுத்த கருங்கட்டை சாதாரண காந்தாரம். ‘ஸி’ முதலாக எண்ணினால் நான்காவது வெண்கட்டை சுத்த மத்தியமம். தோடி இராகத்தில் காந்தாரம் தன்னிடத்தில் அசையாது நிற்பதில்லை. ரிஷபத்தின் அயலிலிருந்து மத்தியமம் வரை ஊசலாடியே அது தோடியின் காந்தாரமாகின்றது. கட்டையை வெறுமனே அழுத்தி வாசித்தால் சுரம் இருக்கும், தோடி இராது.

இங்கே ஒரு நல்ல பொருத்தம் நமக்கு உதவுகின்றது. சாதாரண காந்தாரத்திலிருந்து சுத்த ரிஷபம் இரண்டு அரைச்சுரம் கீழே. சுத்த மத்தியமம் இரண்டு அரைச்சுரம் மேலே. சில்லின் வழக்கமான எல்லையும் அதுவே. ஆகவே காந்தாரக் கட்டையை வலக்கையால் அழுத்திக்கொண்டு, இடக்கையாற் சில்லை முழுதும் இறக்கினால் ரிஷபமும், முழுதும் ஏற்றினால் மத்தியமமும் ஒலிக்கும். இடையே அசையும் அசைவே கமகத்துக்கு வழி. அசைவின் வேகத்தையும் அளவையும் எந்த நூலும் எழுதிக் காட்ட முடியாது. குருவின் குரலைக் கேட்டு, அதனைத் தன் வாயாற் பாடிப் பார்த்த பின்னரே சில்லைத் தொட வேண்டும். பாட வராத கமகம் விரலுக்கு வராது.

தொடக்க மாணவருக்கு இதனினும் எளிய பயிற்சி ஒன்று உண்டு. ஷட்ஜத்திலிருந்து மோகனத்தின் சதுச்சுருதி ரிஷபத்துக்கு வழுக்கிச் செல்ல வேண்டும் எனக் கொள்வோம். ரிஷபக் கட்டையை அழுத்துமுன் சில்லை முழுதும் கீழிறக்கி வைத்துக்கொள்க. இப்போது ரிஷபக் கட்டையை அழுத்தினால் ஷட்ஜமே ஒலிக்கும். சில்லை விரலாற் பற்றியபடி மெல்ல நடுநிலைக்கு விட, ஒலி ரிஷபத்தை வந்தடையும். சில்லு நடுநிலையில் தானே நிற்பதால் சுரம் பிசகாது. இவ்வாறு கீழிருந்து ஏறும் பயிற்சி கைவந்த பின்னர், மேலிருந்து இறங்குதல். அதன்பின், நடுவிலிருந்து புறப்பட்டுத் திரும்புதல். கடைசியானதே கடினமானது. அங்கே எல்லையை அறிவது செவி ஒன்றே.

கவனிக்க வேண்டிய மற்றொன்று: சில்லு, அது ஆளும் குரலில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் ஒருங்கே வளைக்கும். இடக்கையால் ஷட்ஜ பஞ்சமத்தை அழுத்திச் சுருதி கூட்டிக்கொண்டு, அதே குரலிற் கமகம் வாசிக்க முயன்றால் சுருதியே ஆட்டங்காணும். ஆதலின் சுருதிக்குத் தம்பூராவையோ சுருதிப் பெட்டியையோ தனியே வைத்துக்கொள்வதே முறை. அன்றியும், பியானோவைப் போல அமைந்த மின்னியற் கருவிகள் பெரும்பாலானவற்றில் இச்சில்லு இராது. மேனாட்டுப் பியானோப் பரீட்சைக்குச் செல்லும் பிள்ளைக்கு அவை உகந்தவை. கர்நாடக இசை பயில எண்ணும் பிள்ளைக்கு உகந்தவையல்ல. வாங்கிய பின் வருந்துவதிலும் வாங்குமுன் வினவுதல் நன்று.

மேடை கண்ட வெற்றி

இவையெல்லாம் வெறும் கற்பனையல்ல. சென்னையைச் சேர்ந்த கே. சத்தியநாராயணன் இளம் வயதிலேயே கீபோர்ட்டில் கர்நாடக இசைக் கச்சேரிகள் செய்து புகழ் பெற்றவர். ‘கீபோர்ட் சத்யா’ என்றே இரசிகர் அவரை அறிவர். சுருதிச் சில்லைக் கொண்டு அவர் எழுப்பும் கமகங்களைக் கேட்டவர்கள், கட்டை வாத்தியம் ஊமை என்று இனிச் சொல்லத் தயங்குவர்.

கருவி செய்வோரும் ஓய்ந்திருக்கவில்லை. இலண்டனில் 2013ஆம் ஆண்டில் அறிமுகமான ‘சீபோர்ட்’ என்ற கருவியில் கட்டைகளுக்குப் பதிலாக மென்மையான அலைப்பரப்பு ஒன்று உண்டு; விரலை அசைத்தால் அவ்விரலுக்குரிய சுரம் மட்டும் அசையும். பல சுரங்கள் ஒலிக்கையில் ஒவ்வொன்றையும் தனித்தனியே வளைப்பதற்கான ‘எம்பிஈ’ என்னும் விதிமுறை 2018ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது. 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மிடி’யின் இரண்டாம் பதிப்பும் அவ்வசதிக்கு இடமளிக்கின்றது. ஒதுங்கிப்போன கிளேவிகோர்ட்டின் குழைவு, மூன்று நூற்றாண்டுகள் சுற்றி மீண்டும் விரல் நுனிக்கே வந்து சேர்ந்திருக்கின்றது.

எனினும் இப்புதுக் கருவிகள் விலை மிகுந்தவை. எல்லோரும் வாங்குதல் இயலாது. வாங்க வேண்டிய தேவையுமில்லை. தொடு உணர்வும் சுருதிச் சில்லும் உடைய சாதாரண கீபோர்ட் ஒன்றே தொடக்கத்துக்குப் போதும்.

பெற்றோர் சிந்திக்க வேண்டியது இதுதான். சிறுவயதிற் கேட்பதே செவியின் அளவுகோலாகின்றது. பன்னிரண்டு கட்டைகளின் அசையாத ஒலியை மட்டுமே நாள்தோறும் கேட்டு வளரும் பிள்ளைக்கு, இரு கட்டைகளுக்கு இடையே ஓர் உலகம் உண்டென்பது தெரியாமலே போய்விடக்கூடும். பின்னொரு நாள் நல்லதொரு தோடியைக் கேட்கும்போது, அதன் இனிமை அப்பிள்ளையின் செவிக்கு எட்டாமற் போனால் அக்குற்றம் பிள்ளையுடையதன்று; கருவியுடையதுமன்று. ஆகவே பிள்ளையைப் பாடவும் பழக்குங்கள். நாதஸ்வரமும் வீணையும் கேட்கச் செய்யுங்கள். அதன் பின்னர் கீபோர்ட்டின் முன் அமர்த்தி, அந்த இடப்புறச் சில்லின்மேல் அதன் கையை எடுத்து வையுங்கள். முதல் நாள் ஒலி கோணலாகத்தான் எழும். வீணையிலே முதன்முறை தந்தியை இழுத்தவருக்கும் அவ்வாறே எழுந்திருக்கும்.